முன்னுரையில் ஒரு வரி

அடையாற்றில் அண்மையில் நடந்த ஒரு கருத்தரங்கில் கள உதவியாளர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "சம்பளம் கொடுக்கிறோம். முன்னுரையில் நன்றியும் சொல்கிறோம். இதற்கு மேல் என்ன?" என்று கேட்டார் மூத்த ஆய்வாளர் ஒருவர். பலர் தலையசைத்தார்கள். என்னால் முடியவில்லை.

இந்த ஏற்பாட்டில் நன்மை உண்டு. படித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலையும் பயிற்சியும் கிடைக்கின்றன. நன்றியே சொல்லாதவர்களைவிட ஒரு வரி எழுதுகிறவர் மேல். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன், 1909இல் வெளிவந்த தம் ஏழு தொகுதிகளின் முகப்பிலேயே உதவியாளர் ரங்காச்சாரியின் பெயரைச் சேர்த்தார்.

ஆனால் நன்றி வேறு, உரிமை வேறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி நன்றி மறந்தவர் அல்லர். இந்திய அறிவின் வாசலைத் தமக்குத் திறந்துவிட்டவர் தம் உதவியாளர் காவலி வெங்கட போரையா என்று 1817ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் மனமார எழுதினார். 1803இல் போரையா இறந்தபின் தம்பி லட்சுமையா பொறுப்பேற்றார். ஊர் ஊராக ஆட்களை அனுப்பி ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டியவர் அவரே. 1821இல் மெக்கன்சி மறைந்தார். பணியைத் தாமே தொடர்வதாக லட்சுமையா 1830களில் விண்ணப்பித்தார். ஓர் இந்தியரிடம் அந்த அளவு அறிவாற்றலை எதிர்பார்க்க இயலாது என்று ஆசியவியல் கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப் மறுத்தார். அந்த ஏடுகளை ஆராயும் வேலை பாதிரியார் வில்லியம் டெய்லரிடம் போயிற்று. நன்றி ஒருவருடைய நல்ல மனத்தில் இருப்பது. அவர் போனால் அதுவும் போய்விடும். லட்சுமையாவுக்கு நேர்ந்தது அதுதான்.

இன்றும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. எந்தத் தெருவில் முதலில் நுழைவது, மிராசுதார் திண்ணையில் இருக்கும்போது கூலிக்காரரிடம் எதைக் கேட்கக்கூடாது, "கடன் இல்லை" என்ற பதிலுக்குப் பின்னாலுள்ள மௌனத்துக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் உதவியாளர். இது எடுபிடி வேலை அல்ல, ஆய்வின் உயிரே இதுதான். இந்த அறிவை வாங்கிக்கொண்டு அதற்குத் "தரவு சேகரிப்பு" என்று பெயர் வைப்பது அநியாயம். புத்தகம் வந்தபின் ஆய்வாளர் ஊரைவிட்டுப் போய்விடுவார். "எங்களைப் பற்றி இப்படியா எழுதுவீர்கள்?" என்ற கேள்விக்கு அந்த ஊரிலேயே வாழ்ந்து பதில் சொல்ல வேண்டியவர் உதவியாளர்.

வட ரொடீசியாவின் (இன்றைய சாம்பியா) ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் ஆய்வு நிறுவனத்தில் உழைத்த ஆப்பிரிக்க உதவியாளர்களை மையமாக வைத்து லின் ஷுமேக்கர் 2001இல் ஒரு நூலே எழுதினார். நம் உதவியாளர்களுக்கு அப்படி ஒரு நூல் வேண்டும். அதற்கு முன், அவர்கள் பெயர் முன்னுரையிலிருந்து அட்டைக்கு வரட்டும். குறிப்பேட்டின் ஒரு படி அவர்கள் கையில் இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப்படியைத் தமிழில் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் லட்சுமையா திரட்டிய அந்த ஏடுகள் பல இன்றும் உள்ளன. அவற்றுக்குப் பெயர் மெக்கன்சி சுவடிகள்.