கண்ணீரைத் துடைத்த பிறகே பேச்சு

சாவன்டேனி, செனகா இனத்தைச் சேர்ந்த வேட்டைக்காரர். 1722 பிப்ரவரியில், மொனாக்கசி ஆற்றுப் பக்கம் இருந்த அவருடைய குடிலுக்கு ஜான் கார்ட்லிஜ், எட்மண்ட் கார்ட்லிஜ் என்ற சகோதரர்கள் மான்தோல் வாங்க வந்தார்கள். இரவு முழுக்க ரம் ஓடியது. மறுநாள் காலையில், தோலுக்கு ஈடாக இன்னும் ரம் வரவேண்டும் என்று சாவன்டேனி கேட்டார். வாய்ச்சண்டை முற்றி, ஜான் அவரைத் தள்ளிவிட்டார். சாவன்டேனி துப்பாக்கியை எடுத்துவந்ததும், அது பிடுங்கப்பட்டு, அதனாலேயே அவர் தலையில் ஓங்கி அடி விழுந்தது. அவர் பிழைக்கவில்லை.

ஜான் சாதாரண வியாபாரி இல்லை. பென்சில்வேனியா அரசு அந்த வட்டாரத்துக்கு நியமித்த நீதிபதிகளில் ஒருவர். மார்ச்சில் அரசின் சார்பில் ஜேம்ஸ் லோகனும் கர்னல் ஜான் ஃபிரெஞ்சும் கோனஸ்டோகா ஊருக்கு வந்து விசாரித்தார்கள். இறந்தவரின் மனைவி, ஷானி இனத்துப் பெண், சாட்சி சொன்னார். சகோதரர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். கொலை உறுதியானால் தூக்கு என்பது ஆங்கிலேயரின் சட்டம். அந்தச் சட்டத்தை நடத்திக்காட்டுவதே பழங்குடிகளைச் சமாதானப்படுத்தும் வழி என்று பிலடெல்பியாவிலிருந்த அரசு நினைத்தது. ஆனால் செனகாக்களும் அடங்கிய ஐந்து இனங்களின் கூட்டமைப்பான ஹோடெனோசோனிகளிடமிருந்து வந்த பதில் வேறு. ஆளுநர் வில்லியம் கீத் நேரில் ஆல்பனிக்கு வரவேண்டும்; இறந்தவருக்கு முறைப்படி துக்கம் அனுசரிக்க வேண்டும்; கொன்றவர்களை விட்டுவிட வேண்டும். ஓர் உயிர் போனது போதும், இன்னோர் உயிர் வேண்டாம் என்றார்கள்.

இந்தப் பதிலைப் பெருந்தன்மை என்று கொண்டாடுபவர்கள் உண்டு. உயிருக்குத் துணியும் பாசிமணியும் வாங்கிக்கொண்ட அறியாமை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரண்டு பேருமே அதைச் சட்டமாகப் பார்க்கவில்லை. அது சட்டம்தான். தண்டிப்பதைவிடக் கடினமான ஒன்றை எதிராளியிடம் கேட்ட சட்டம். தூக்குமேடைக்கு ஒருவனை அனுப்பிவிட்டால் ஆளுநரின் கடமை முடிந்துவிடும். இவர்கள் கேட்டபடி நடந்தால், ஆளுநரே நெடுந்தூரம் வந்து, இறந்தவரின் மக்கள் முன்னால் நின்று, இந்தச் சாவு எங்களுடைய பொறுப்பு என்று சொல்லியாக வேண்டும். கீத் அந்தச் செப்டம்பரில் ஆல்பனிக்குப் போனார். கார்ட்லிஜ் சகோதரர்கள் விடுதலை ஆனார்கள்.

கூட்டமைப்பு பிறந்த கதையிலேயே இந்தச் சட்டத்தின் வேர் இருக்கிறது. பெண்மக்களைப் பறிகொடுத்து, புத்தி கலங்கிக் காட்டில் அலைந்த ஹயவாதாவை, சிப்பிமணிச் சரங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து ஆறுதல் சொல்லி மீட்டார் ஒருவர். அவரைச் ‘சமாதானம் செய்தவர்’ என்றே அந்த மக்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த ஆறுதல் மொழிகளே பிறகு அரசியல் நெறிமுறை ஆயின. விருந்தினர் நேராக ஊருக்குள் நுழைய முடியாது. காட்டின் ஓரத்தில், மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில், நிறுத்தப்படுவார்கள். அங்கே மூன்று சரங்கள் கைமாறும். முதல் சரத்தால் கண்ணீரைத் துடைப்பார்கள். எதிரில் இருப்பவர் மறுபடி கண்ணுக்குத் தெரிவார். இரண்டாவதால் காதில் அடைத்ததை எடுப்பார்கள்; சொல்வது கேட்கும். மூன்றாவதால் தொண்டையை அடைத்த துக்கத்தை அகற்றுவார்கள், பேச்சு வரும். நிலம், வியாபாரம், போர் எதுவானாலும் அதற்கு அப்புறம்தான். இந்தத் தாமதம் எரிச்சலூட்டியதாக ஆளுநர்களின் குறிப்புகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். துக்கத்தில் இருப்பவர் எடுக்கும் முடிவு அவருடைய முடிவு ஆகாது என்ற தெளிவு அந்தத் தாமதத்துக்குள் இருந்தது. ஒப்பந்தம் போடுபவரின் மனநிலையையே ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக வைத்த வேறொரு சட்ட மரபை நான் படித்ததில்லை.

பக்கத்து இனமான ஹ்யூரான்களிடமும் இதற்கு உறவான வழக்கம் இருந்தது. ஓர் ஆண் கொல்லப்பட்டால் சுமார் 30 பரிசுகள், பெண் கொல்லப்பட்டால் 40 என்று 17ஆம் நூற்றாண்டு இயேசுசபைப் பாதிரியார்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றைக் கொலையாளி தனியாகத் தரமாட்டான். அவன் குலமும் ஊரும் சேர்ந்து தரவேண்டும். தன் பிள்ளை செய்த குற்றத்துக்கு ஊரே கைப்பொருளை இழப்பதால், பிள்ளைகளை அடக்கிவைக்கும் வேலையும் ஊருக்கே வந்துசேர்ந்தது. சிறையும் காவலரும் இல்லாத சமூகத்தில் இதைவிட உறுதியான ஏற்பாடு எளிதில் அமையாது என்றே நினைக்கிறேன்.

இந்த மெச்சுதலோடு நின்றுவிட்டால் அது திறனாய்வு ஆகாது. இழந்த உயிரின் இடம் நிரப்பப்பட வேண்டும் என்ற அதே கொள்கைதான் ஹோடெனோசோனிகளைப் போருக்கும் அனுப்பியது. ஒப்பந்த உறவுக்குள் இருப்பவர் கொன்றால் ஆறுதலும் பரிசும். உறவுக்கு வெளியே இருப்பவர் கொன்றால், அவர்களிடமிருந்து சிறைபிடித்துக் கொண்டுவந்த ஆள். குடும்பத்து மூதாட்டிகள் கேட்டால் இளைஞர்கள் புறப்பட்டாக வேண்டும். பிடித்துவரப்பட்டவர்களில் சிலர் இறந்தவரின் பெயரும் இடமும் பெற்று அந்தக் குடும்பத்திலேயே வாழ்ந்தார்கள். சிலர் வதைக்கப்பட்டுச் செத்தார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த அம்மை ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோனபோது நிரப்ப வேண்டிய இடங்கள் பெருகின, படையெடுப்புகளும் பெருகின. 1649இல் ஹ்யூரான் நாடு அழிந்ததற்குத் தோல் வியாபாரப் போட்டி மட்டும் காரணம் இல்லை. ஆல்பனியில் கண்ணீர் துடைத்த சட்டமும் ஹ்யூரான் ஊர்களை எரித்த சட்டமும் ஒன்றே என்பதை, இன்று அந்த மரபை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. தலைவரிடம் சொல் இருந்தது, கட்டளை இல்லை. 1645 ஜூலையில், கூட்டமைப்பைச் சேர்ந்த மோஹாக் பேச்சாளர் கியோட்சேட்டன் த்ரோவா ரிவியேரில் பிரெஞ்சுக்காரர் முன்னால் 17 சிப்பிமணிப் பட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து நடித்தும் பாடியும் சமாதானம் பேசினார். அடுத்த ஆண்டு அக்டோபரில், தூதராகப் போய் வந்திருந்த பாதிரியார் ஐசக் ஜோக்கை மோஹாக் ஊரிலேயே ஒரு பிரிவினர் கொன்றார்கள். தலைவர்கள் அதைத் தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. எதேச்சாதிகாரி உருவாகாமல் காத்த ஏற்பாடு, கொடுத்த வாக்கைக் காக்கவும் வலுவில்லாமல் நின்றது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும், இந்தச் சமாதான முறைக்குப் பெரிய காயம் உள்ளிருந்து வரவில்லை. அதன் தொடக்கத்தையும் அதே 1722 ஆல்பனிக் கூட்டத்திலேயே பார்க்கலாம். சாவன்டேனிக்காகத் துக்கம் அனுசரிக்கப்பட்டு, உறவு புதுப்பிக்கப்பட்ட அந்தக் கூட்டத்தில், கோனஸ்டோகாவைச் சுற்றியிருந்த நிலத்தின் மேல் தங்களுக்கு இருந்த உரிமையைத் தலைவர்கள் கீத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். உறவை உறுதிப்படுத்தும் கொடையாக அவர்கள் அதைக் கருதியிருக்கலாம். ஆனால் அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் கோனஸ்டோகா மக்கள். விசாரணை நடந்ததும் அவர்களுடைய ஊரில். பெரிய கூட்டமைப்பு சின்ன இனங்களுக்காகப் பேசும் என்ற வழக்கத்தை ஆளுநர்கள் அங்கே நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். பல ஊர்களோடு பேரம் பேசுவதைவிட ஒரே ஒரு பேச்சாளரோடு பேசுவது எளிது. 1737இல் நடைக்கணக்கு ஒப்பந்தம் என்ற மோசடியில் டெலவேர் மக்களின் நிலம் பறிபோனது. 1742இல் அவர்கள் முறையிட்டபோது, கூட்டமைப்பின் ஒனன்டாகா பேச்சாளர் கனசடேகோ பிலடெல்பியாவில் பென்சில்வேனியா அரசின் பக்கம் நின்று, உங்களுக்கு நிலம் விற்கவே உரிமை கிடையாது, இடத்தைக் காலி செய்யுங்கள் என்று அவர்களை அதட்டினார். வழக்காற்றுச் சட்டத்தின் மொழியில் பேசியே இன்னோர் இனத்தைக் குடிபெயர்த்த அந்தப் பேச்சை, ஏமாற்றப்பட்டவரின் பேச்சு என்று என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டமைப்பு அதில் பங்காளி.

அடுத்த தலைமுறையில் இந்தச் சடங்கை வில்லியம் ஜான்சன் அளவுக்குக் கற்ற வெள்ளையர் வேறு யாரும் இல்லை. மோஹாக் பெண்ணான மாலி பிராண்டோடு வாழ்ந்தவர்; 1755 முதல் வடபகுதிப் பழங்குடி விவகாரங்களுக்கு அரச அதிகாரி; மூன்று சரங்களையும் எந்த வரிசையில் எந்தச் சொல்லோடு நீட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் 3,000க்கும் மேற்பட்டவர்களைக் கூட்டி, முறை எதுவும் தவறாமல், 10,460 பவுண்டுக்கு ஒஹாயோ ஆற்றின் தென்கரை நிலப்பரப்பை அவர் வாங்கினார். விற்றவர்கள் ஹோடெனோசோனிகள், அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்கள் ஷானிகளும் மற்றவர்களும். ஆறே ஆண்டில் ஷானிகள் வர்ஜீனியாவோடு போரில் இருந்தார்கள்.

ஜான்சனின் கையில் சடங்கு எப்படி வெறும் சம்பிரதாயம் ஆனது என்பதற்கு அந்த 1768ஆம் ஆண்டே இன்னொரு சான்றும் தருகிறது. ஜனவரியில் ஃபிரெடரிக் ஸ்டம்ப் என்ற குடியேறி, தன் வேலையாளோடு சேர்ந்து பழங்குடி மக்கள் பத்துப் பேரைக் கொன்றான். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கார்லைல் சிறையில் அடைக்கப்பட்ட அவனை ஒரு கூட்டம் வந்து விடுவித்துப் போனது. அவன் தண்டிக்கப்படவே இல்லை. இரங்கல் பரிசுகளுக்கு மட்டும் அரசு பணம் ஒதுக்கியது. 1722இல் கொலையாளிகளை விடச் சொன்னது இறந்தவரின் தரப்பு. 1768இல் விட்டது கொன்றவரின் தரப்பு. வெளியிலிருந்து பார்த்தால் விளைவு ஒன்றுபோலத் தெரியும். கேட்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

1722இல் அந்த உரிமைக்குப் பின்னால் ஒரு பலம் நின்றது. பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடுவில் இருந்த ஐந்து இனங்களைப் பகைத்துக்கொள்ள இரு தரப்பும் பயந்தன. கனடா 1760இல் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அந்தப் பயம் போனது. பரிசுகள் எல்லாம் லஞ்சம் என்று ஆங்கிலேயத் தளபதி ஆம்ஹர்ஸ்ட் நிறுத்தினார். 1763இல் பாண்டியாக்கின் பெயரால் அறியப்படும் போர் வெடிக்க அதுவும் ஒரு காரணம். அதே ஆண்டு டிசம்பர் 14இல் பாக்ஸ்டன் பகுதியிலிருந்து வந்த ஆயுதக் கூட்டம் கோனஸ்டோகாவில் ஆறு பேரைக் கொன்றது. மிஞ்சிய 14 பேரை அரசு லங்காஸ்டர் நகரக் காப்பகத்தில் வைத்தது. 27ஆம் தேதி அங்கேயும் புகுந்து அத்தனை பேரையும் கொன்றார்கள். அந்த மக்களின் உடைமைகளில் 1701இல் வில்லியம் பென்னோடு செய்த ஒப்பந்தத்தின் தோல் ஏடும் இரண்டு மணிப்பட்டைகளும் கிடைத்தன. யார் மேலும் வழக்கு நடக்கவில்லை.

இந்த வரலாற்றை எழுதிவைத்த எழுத்தர்கள் பேச்சாளர்களைத்தான் பதிவு செய்தார்கள், பேச்சாளர்கள் ஆண்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பதும், தவறினால் பதவி பறிப்பதும் குலத்தாய்களின் உரிமை என்பதோ, சபையில் சொல்லப்பட்டது எத்தனை நாள் பெண்களிடம் விவாதிக்கப்பட்டு வந்தது என்பதோ குடியேற்ற ஆவணங்களில் அரிதாகவே வருகிறது. விசாரணையில் பேசிய சாவன்டேனியின் மனைவி பிறகு ஆவணங்களில் தென்படுவதில்லை. ஆல்பனியில் ஆறுதல் பெற்றவர்கள் ஐந்து இனத் தலைவர்கள். கணவனை இழந்த பெண்ணோ ஷானி. அவருடைய கண்ணீரை யார் துடைத்தார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெரிய ஒப்பந்தத்தில் பதில் இல்லை. இனங்களுக்கிடையே சமாதானம் என்பதாக வளர்ந்தபோது, இழந்தவரை முதலில் பார்க்க வேண்டும் என்ற தன் அடிப்படையிலிருந்தே இந்தச் சட்டம் விலகத் தொடங்கிவிட்டது. என் கணிப்பில் அதன் ஆழமான குறை இதுவே. வெள்ளையர் வராமல் இருந்தாலும் ஒருநாள் வெளிப்பட்டிருக்கும்.

1794 கனன்டைக்வா ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, தனிப்பட்ட பழிவாங்கல் கூடாது, பாதிக்கப்பட்ட தரப்பு மறுதரப்பிடம் முறையிட வேண்டும் என்கிறது. ஹோடெனோசோனிச் சட்டம் அமெரிக்க அரசின் எழுத்துக்குள் நுழைந்த அபூர்வமான இடம் அது. அந்த ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் தரவேண்டிய துணியை அமெரிக்க அரசு இன்றுவரை அனுப்புகிறது. செனகா நிலத்தைத் தொடமாட்டோம் என்பதும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. 1960களில் கின்சுவா அணை கட்டப்பட்டு, சுமார் 10,000 ஏக்கர் செனகா நிலம் நீரில் மூழ்கியது. 600 பேர் அளவில் வீடு இழந்தார்கள். கட்டவேண்டாம் என்று அவர்கள் அனுப்பிய முறையீட்டை 1961இல் அதிபர் கென்னடி ஏற்கவில்லை. துணி அந்த ஆண்டும் வந்தது.