கெட்டது சிப்பா, ஒயரா?

ஆரோவில் சோலார் கிச்சனின் மொட்டைமாடியில், 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்ந்தாலும் கிண்ணம் அசைவதில்லை. வெப்பம் குவியும் இடத்தைத் தேடிப் போவது நீராவிக் குழாய் மட்டும்தான். அதைக் கம்ப்யூட்டர் நகர்த்துகிறது. பெரிய பாரத்தை நிறுத்திவைத்துச் சின்னதை நகர்த்தும் இந்தக் கணக்கை மோட்டார் வேலையில் இறங்கும் எவரும் முதலில் போட்டுப் பார்க்கவேண்டும்.

வீட்டில் சின்னதாக ஒரு சோலார் பலகையைச் சூரியன் பக்கம் திருப்ப நினைப்பவர் பெரும்பாலும் வாங்குவது ஒரு ஸ்டெப்பர் மோட்டார், தபால்தலை அளவு ஏ4988 டிரைவர், பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர், 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். இந்தக் கூட்டணியை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவது சரியில்லை. டிரைவர் போனால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு டிரைவர் மேலிருக்கும் குட்டித் திருகைத் திருப்பும்போதுதான் கரண்டைக் கட்டுப்படுத்துவது என்றால் என்னவென்று புரிகிறது.

மோட்டாரில் 2.8 வோல்ட் என்று எழுதியிருந்தால் 24 வோல்ட் கொடுக்கப் பலர் பயப்படுகிறார்கள். இந்த டிரைவர் கரண்டை வெட்டி வெட்டித்தான் அனுப்பும். வோல்ட் கூடினால் காயிலுக்குள் கரண்ட் சீக்கிரம் ஏறும். வேகமாக ஓடும்போதும் இழுவை அவ்வளவாகக் குறையாது. காயிலைச் சுடவைப்பது தவறாக வைத்த கரண்ட் அளவு. போர்டில் கரண்டை அளக்கும் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால், அந்தக் குட்டித் திருகில் வைக்கும் 0.8 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர். அதே 0.8 வோல்ட், 0.05 ஓம் பொருத்திய போர்டில் 2 ஆம்பியர் ஆகிவிடும். ஹீட்சிங்க் இல்லாத ஏ4988-க்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் எல்லை. கடைக்குக் கடை ரெசிஸ்டர் மாறுகிறது. யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைப்பவர் போர்டைப் பொசுக்குகிறார்.

இன்னொன்று கெப்பாசிட்டர். மோட்டார் சப்ளை பின்னை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் போடாமல் நீள ஒயரில் ஸ்விட்சைத் தட்டினால், 12 வோல்ட் சப்ளையே ஒரு கணம் 35 வோல்ட்டைத் தாண்டிக் குதிக்கலாம். ஏ4988-இன் எல்லையே அந்த 35தான்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆரோவில்லிலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள்; பாத்தியை உலர்த்தும் அதே கடற்காற்று இங்கே ஜம்பர் பின்னிலும் வந்து படிகிறது. அந்தப் பின்னைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய தகட்டின் அழுத்தம் மட்டுமே. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பச்சை பூத்து, தொடர்பு விட்டுவிட்டு வரும். ஓடும் மோட்டாரின் காயில் ஒயர் அப்படி ஒரு கணம் விட்டால், காயிலில் தேங்கிய ஆற்றல் எங்கே போகும்? டிரைவர் மீதுதான் பாய்கிறது. சிப் செத்துவிடுகிறது. உடனே புதியது செருகுகிறோம். அதே பின், அதே சாவு. ‘டூப்ளிகேட் சரக்கு’ என்று கடைக்காரரைத் திட்டுகிறோம், நானும் திட்டியிருக்கிறேன். மாற்றுவது இத்தனை எளிதாக இல்லாவிட்டால், ஒயர்மீது சந்தேகம் முன்னமே வந்திருக்கும்.

விலை கூடிய திருகு முனை டிரைவர் வாங்கினாலும் கவலை தீராது. ஒயர் நுனிக்கு ஈயம் பூசித் திருகினால், ஈயம் நாளடைவில் நசுங்கி இளகிவிடும். பின் லக் போட்டு நசுக்குவதே மேல். என் கட்சி நடுவில்: பிரெட்போர்டு ஒரு சாயங்காலச் சோதனைக்கு மட்டும். பிறகு டிரைவர் சாக்கெட்டிலேயே இருக்கட்டும். மோட்டார் ஒயரும் சப்ளை ஒயரும் திருகு முனைக்குப் போகட்டும். கன்ட்ரோலரின் கிரவுண்டும் டிரைவரின் கிரவுண்டும் சேரவேண்டும், எஸ்.எம்.பி.எஸ். உடலுக்கு எர்த் தனி.

நின்றிருக்கும்போதும் ஸ்டெப்பர் கரண்ட் தின்னும் என்பதைப் பலகை திருப்புபவர்கள் மறந்துவிடுகிறார்கள். எனேபிள் பின் வழியாக டிரைவரை அணைத்தால் மிச்சம்தான், ஆனால் கடற்காற்று பலகையைத் திருப்பிவிடும். புழுப்பல்சக்கரம் ஒன்று இடையில் இருந்தால் அதையும் தாங்கும்.