கோட்டின் மொழியும் சொல்லின் பணியும்: புதிய கார்ட்டூன் குறும்படங்களில் கைவரை அசைவூட்டத்தின் மீள்வருகை

1. முன்னுரை

வால்ட் டிஸ்னி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட 'ஹோம் ஆன் த ரேஞ்ச்' என்னும் முழுநீளப் படத்தோடு தன் கைவரை அசைவூட்ட மரபுக்கு ஓய்வு கொடுத்தது. 2009-இல் 'த பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்', 2011-இல் 'வின்னி த பூ' ஆகிய படங்களில் அம்மரபு மீண்டும் தலைகாட்டிற்று; எனினும் அந்நிறுவனத்தின் முழுநீளப் படங்களில் அது நிலைபெறவில்லை. அது வேரூன்றிய இடம் குறும்படமே. 2013 சூன் 28 அன்று டிஸ்னி அலைவரிசையில் தொடங்கிய 'மிக்கி மவுஸ்' தொடரும், அதன் நீட்சியாக 2020 முதல் 2023 வரை வெளிவந்த தொடரும், வார்னர் நிறுவனத்தார் 2020 மே மாதம் தொடங்கிய 'லூனி டூன்ஸ் கார்ட்டூன்ஸ்' தொடரும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

இம்மீள்வருகையைப் பழமையின்மேல் கொண்ட ஏக்கம் என விளக்குவோர் உளர். அவ்விளக்கம் ஓரளவே பொருந்தும். ஒரு கார்ட்டூனில் பொருளைச் சுமக்கும் பணி கோட்டுக்கும் பேச்சுக்கும் இடையே பங்கிடப்படுகிறது. கைவரைக் கோடு மீண்டபோது அப்பங்கீடு மாறிற்று என்பதும், அம்மாற்றத்தால் மொழி ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். பால் ரூடிஷ் உருவாக்கிய 2013-ஆம் ஆண்டுத் தொடரே இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

2. 'கைவரை' என்னும் சொல்

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். மேற்கூறிய மிக்கி குறும்படங்கள் தாளில் வரைந்து, ஒளிபுகு தகட்டில் படியெடுத்து, வண்ணம் தீட்டி உருவானவை அல்ல. கனடாவின் ஒட்டாவா நகரில் உள்ள மெர்க்குரி ஃபிலிம்வொர்க்ஸ் என்னும் கூடத்தில், டூன் பூம் ஹார்மனி என்னும் கணிப்பொறி மென்பொருளின் துணையோடு அவை அசைவூட்டம் பெற்றன. இத்தகைய மென்பொருளில் உருவத்தின் உறுப்புகளைத் தனித்தனியே சேமித்து இயக்கவும் இயலும். வேண்டிய இடத்தில் முழு உருவத்தையும் புதிதாக வரையவும் இயலும். ஆகவே மீண்டது கருவி அன்று, வடிவமே மீண்டது. ஈய எழுத்துகள் வழக்கொழிந்த பின்னரும் 'அச்சுக்கோப்பு' என்னும் சொல் கணிப்பொறிப் பணிக்கு வழங்கியதை இதனோடு ஒப்பிடலாம். கருவி மாறியபோதும் செயலின் பெயர் நிலைத்தது. அப்பெயர் செயலின் இயல்பைத் தொடர்ந்து சுட்டியது.

அவ்வியல்பு யாது? திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தும் வழக்கப்படி நொடிக்கு 12 ஓவியங்கள் போதும். ஓவியர் ஒவ்வோர் ஓவியத்திலும் உருவத்தை நீட்டலாம், குறுக்கலாம், சிதைக்கலாம். ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் அசைவூட்டத்தின் பன்னிரண்டு நெறிகளைத் தொகுத்தபோது, நசுக்குதலும் நீட்டுதலும் என்பதையே முதல் நெறியாக வைத்தனர். உருவம் தன் அளவை மீறி உணர்ச்சியின் அளவைக் கொள்வதே இந்நெறி.

3. கோடு ஒரு குறி

மிக்கியின் காதுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தலை எப்பக்கம் திரும்பினும் அவ்விரு காதுகளும் இரு முழு வட்டங்களாகவே காட்சி தருகின்றன. உடற்கூற்று நோக்கில் இது பொருந்தாது. தலை பக்கவாட்டில் திரும்பும்போது ஒரு காது மறைய வேண்டும், அல்லது மற்றதன் வடிவம் குறுக வேண்டும். வரைபவருக்கு இது சிக்கலே அன்று. வட்டங்கள் தலையின்மேல் நகர்ந்து தம் இடத்தை மாற்றிக்கொள்கின்றன. 2006-இல் தொடங்கிய 'மிக்கி மவுஸ் கிளப்ஹவுஸ்' போன்ற முப்பரிமாணக் கணிப்பொறிப் படைப்புகளில் உருவம் ஒரு திண்பொருளாக அமைகிறது. ஆங்கே இதே விளைவைப் பெறத் தனி முயற்சி தேவை.

மொழியியலார்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. திண்பொருளாக அமைந்த உருவம் பொருளைப் போன்றிருத்தலால் பொருளைக் காட்டுகிறது. கோட்டுருவமோ மரபால் பொருளைக் காட்டுகிறது. இரு வட்டங்கள் காதுகள் என்பது பார்வையாளர் ஏற்றுக்கொண்ட வழக்கு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஒத்த உறவு இது. கைவரை உருவம் மொழிக்கு அணுக்கமாக நிற்பதற்கும், சில வேளைகளில் மொழியின் இடத்தையே எடுத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம் எனலாம்.

4. பேச்சும் அசைவும்

அமெரிக்க அசைவூட்ட மரபில் பெரும்பாலும் உரையாடல் முதலில் ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. ஓவியர் அவ்வொலியைப் பகுத்துக்கொண்டு வரைகிறார். ப, ம போன்ற ஈரிதழ் ஒலிகளுக்கு இதழ் மூடும். உகர ஒகரங்களுக்குக் குவியும். வாயோடு இது நின்றுவிடுவதில்லை. ஆங்கிலத் தொடரில் அழுத்தம் பெறும் சொல்லின்மீது கை உயர்கிறது, புருவம் எழுகிறது, உடல் முன் சாய்கிறது. அதாவது ஆங்கிலத்தின் அழுத்த அமைப்பு ஓவியத்திலேயே பதிந்துவிடுகிறது.

இப்படத்தைத் தமிழில் மொழிமாற்றம் செய்பவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதிலிருந்தே தோன்றுகிறது. தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ அது எழுவாயை அடுத்து வந்துவிடுகிறது. கை ஓங்கும் கணத்தில் தமிழ்க் குரல் இன்னும் வேற்றுமை உருபில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே திரைக்குரிய தமிழில் சொல்முறை மாற்றம் அணி அன்று. அது ஒரு தேவை.

ஓவியம் மொழிபெயர்ப்பாளருக்கு உதவுவதும் உண்டு. ஆங்கிலத்தில் 'நோ' என்னும் ஒரே சொல் வரும் இடத்தில் தமிழ், 'இல்லை', 'வேண்டாம்', 'மாட்டேன்', 'முடியாது', 'கூடாது' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எழுத்துவடிவ உரையாடலை மட்டும் வைத்துக்கொண்டு இத்தேர்வைச் செய்தல் அரிது. உள்ளங்கை முன்னே நீண்டிருந்தால் 'வேண்டாம்' எனலாம். தோள்கள் குறுகி உயர்ந்தால் 'முடியாது' எனலாம். சுட்டுவிரல் அசைந்தால் 'கூடாது' எனலாம். நன்கு வரையப்பட்ட நிலை தமிழ் எதிர்மறையின் உட்பிரிவைத் தானே காட்டிவிடுகிறது. மெய்யின்கண் தோன்றும் குறிப்பைக்கொண்டு உள்ளத்தை உணரும் முறையைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தனியே இலக்கணப்படுத்தியதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

2013-ஆம் ஆண்டுத் தொடர் இப்பிணைப்பிலிருந்து பெரிதும் விலகிற்று. ஏறத்தாழ மூன்றரை நிமிடம் ஓடும் இப்படங்களில் உரையாடல் குறைவு. அசைவு பேச்சின் அழுத்தத்தைப் பின்பற்றாமல் இசையின் தாளத்தைப் பின்பற்றுகிறது. 1928 நவம்பர் 18 அன்று திரையிடப்பட்ட 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் நெறி இதுவே. 'யோடல்பெர்க்' என்னும் படத்தில் இந்நெறி கதையாகவே அமைந்துள்ளது: பனிமலையில் குரல் எழுப்பினால் பனி சரியும், எனவே குரலே ஆபத்தாகிவிட, உடலசைவு கதையை நடத்திச் செல்கிறது.

5. இடமொழிப் படங்கள்

பேச்சிலிருந்து அசைவு விடுபட்டமையால் ஒரு துணிவான முயற்சி இயல்வதாயிற்று. இத்தொடரின் சில படங்கள் கதை நிகழும் ஊரின் மொழியிலேயே பேசுகின்றன. மூல ஒளிபரப்பில் துணைத்தலைப்பு வரிகளும் இல்லை. 'குரோசான் த திரியோம்ஃப்' பாரிசில் நிகழ்வது, பிரெஞ்சு பேசுகிறது. 'டோக்கியோ கோ' சப்பானியத்தில் அமைந்தது. 'ஓ சோலே மின்னி' வெனிசு நகரில் இத்தாலிய மொழியில் அமைந்தது. 2014-இல் வெளிவந்த 'மும்பை மேட்னஸ்' இந்தியில் பேசுகிறது.

அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சியில் இது குறிப்பிடத்தக்க செயலாகும். பிறமொழி மாந்தர் அனைவரும் விந்தையான ஒலிப்போடு ஆங்கிலம் பேசுவதே ஆங்கு நெடுநாள் வழக்கம். அவ்வழக்கை இப்படங்கள் கைவிட்டன. உலகில் ஆங்கிலம் அல்லாத மொழிகளும் வழங்குகின்றன, அவை விளக்கமின்றியே ஒலிக்க உரிமையுடையன என்பதை ஒரு குழந்தை இவற்றிலிருந்து உணரக்கூடும்.

ஆயினும் அடுத்த வினா எழுகிறது. இம்மொழிகளுக்குப் படத்தில் பணி என்ன? பாரிசுப் படத்தில், மின்னியின் உணவகத்தில் குரோசான் தீர்ந்துபோகிறது; மிக்கி நகரைக் கடந்து அவற்றைக் கொண்டுசேர்க்க விரைகிறது. டோக்கியோப் படத்தில், நெரிசல் மிக்க தொடர்வண்டிகளில் பணியிடம் சேரப் போராடுகிறது. மும்பைப் படத்தில், ஆட்டோ ஓட்டுநராகிய மிக்கி ஒரு யானையை அது சேர வேண்டிய இடத்துக்கு ஏற்றிச் செல்கிறது. மூன்றும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேரும் கதைகள். இவற்றில் பேச்சை நீக்கிவிடினும் கதை விளங்கும். ஒரு மொழிக்கு மாற்றாக மற்றொன்றை இடினும் கதை மாறாது. பார்வையாளருக்கு மொழி புரிய வேண்டுவதில்லை என்பதனாலேயே அம்மொழி அனுமதிக்கப்பட்டது. கட்டடமும் உடையும் உணவும் போல மொழியும் இடச்சுவையாக நிற்கிறது.

மும்பைப் படம் இக்குறையை இந்திய வாசகருக்கு மேலும் தெளிவாக்குகிறது. மராத்தி மாநில மொழியாகவும், குசராத்தி, உருது, கொங்கணி, தாராவித் தமிழரின் தமிழ் எனப் பல மொழிகள் தெருமொழிகளாகவும் வழங்கும் நகரம் அது. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஒரு நாளில் பல மொழிகளுக்கு இடையே மாறி மாறிப் பேசுவது அந்நகரின் இயல்பு. ஓர் ஊருக்கு ஒரு மொழி என்னும் வாய்பாட்டில் இவ்வியல்பு மறைந்துவிடுகிறது.

6. தலைப்பில் மட்டும் மொழி

இப்படங்களில் சொல் சொல்லாகவே செயற்படும் இடம் ஒன்று உண்டு, அது தலைப்பு. பாரிசின் வெற்றி வளைவின் பெயரில் 'ஆர்க்' என்பதை நீக்கிக் குரோசானை வைத்தது முதல் தலைப்பு. 1898-இல் பிறந்த புகழ்பெற்ற நேப்பிள்சுப் பாடலின் பெயரில் ஈற்றுச் சொல்லை மாற்றியது 'ஓ சோலே மின்னி'. இவற்றை மொழிபெயர்த்தல் அரிது. ஆனால் இச்சொல்விளையாட்டு யாருக்காக அமைந்தது என்பதைக் காணுதல் வேண்டும். பிரெஞ்சும் இத்தாலியமும் அறியாமல், அவற்றின் சுற்றுலாச் சொற்களை மட்டும் அறிந்தவருக்கும் இது எட்டும். 'மும்பை மேட்னஸ்' எனும் தலைப்பிலோ இந்திக்கு அவ்வளவு இடமும் இல்லை. ஆங்கில மோனையே எஞ்சுகிறது.

7. இரு எதிர்ச்சான்றுகள்

கைவரைக் கோடு திரும்பினால் சொல் பின்தள்ளப்பட்டே தீரும் என்று கொள்ளுதல் தவறு. இதற்கு இரு சான்றுகள் உள.

முதலாவது, லாரன் மெக்முல்லன் இயக்கி 2013 நவம்பரில் வெளிவந்த 'கெட் எ ஹார்ஸ்!'. 1928-ஆம் ஆண்டுப் பாணியில் வரைந்த கறுப்பு வெள்ளை உருவங்கள் திரையைக் கிழித்துக்கொண்டு முப்பரிமாண வண்ண உலகில் விழுகின்றன. மிக்கியின் குரலுக்கு வால்ட் டிஸ்னியின் பழைய ஒலிப்பதிவுகளே பயன்பட்டன. வண்ணத்தைக் கண்டு வியக்கும் மிக்கி 'சிவப்பு' என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலச் சொல்லைக் கூற வேண்டும். கறுப்பு வெள்ளைக் காலத்துப் பதிவுகளில் அச்சொல் கிடைக்கவில்லை. தனித்தனி ஒலித்துண்டுகளை இணைத்து அச்சொல்லை உருவாக்கினர். இங்கு ஒரு சொல்லின்மீது காட்சி முழுவதும் நிற்கிறது. அச்சொல் இல்லையேல் வியப்பும் இல்லை.

இரண்டாவது சான்று இந்தியாவைச் சார்ந்தது, காலத்தால் முந்தியது. திரைப்படப் பிரிவின் வெளியீடாக 1974-இல் வந்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்னும் கைவரைக் குறும்படம் விஜயா முலே, பீம்சேன் ஆகியோரின் ஆக்கம். தூர்தர்சன் வழியே இந்தி வழங்காத பகுதிகளுக்கும் இது சென்றது. 'அனேக்' என்பதன் பொருளை விளக்குவதே இப்படத்தின் முதற்பணி. ஒருமையும் பன்மையும் இணை இணையாகத் திரையில் தோன்ற, சொல்லும் ஓவியமும் ஒன்றையொன்று விளக்குகின்றன. 'ஏகம்', 'அநேகம்' என்னும் வடசொற்களைத் தன் மொழியிலேயே கேட்டிருக்கும் தமிழ்க் குழந்தைக்கு அயல்மொழியின் கதவு இங்குத் திறக்கக்கூடும். பாரிசுப் படம் பிரெஞ்சைக் கேட்கச் செய்கிறது. இப்படமோ இந்திச் சொல் ஒன்றைக் கற்பிக்கிறது. இரண்டிலும் கோடு எளியதே. சொல்லுக்கு அளிக்கப்பட்ட பணியே வேறு.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

கைவரை அசைவூட்டத்தின் மீள்வருகை கருவியின் மீள்வருகை அன்று. மரபால் பொருள் தரும் குறியின் மீள்வருகை. அக்குறி வலுவுடையதாகையால், பேச்சின் துணையின்றியே கதையை நடத்த அதற்கு இயல்கிறது. அவ்வலிமை பிறமொழிகளுக்குத் திரையில் இடம் பெற்றுத் தந்தது. அதே வலிமை அம்மொழிகளைப் பொருளற்ற ஒலிகளாக நிறுத்தவும் துணைபோயிற்று.

மிக்கி குறும்படங்களின் ஓவியத் திறமும் நகைச்சுவையும் பாராட்டத்தக்கன. ஆயினும் அவற்றை 'மொழிபெயர்ப்புத் தேவைப்படாத படங்கள்' எனப் போற்றுவது பொருந்தாது. ஆங்கு மொழிபெயர்ப்பு வேண்டப்படாமைக்குக் காரணம் மொழிக்குப் பணி தரப்படாமையே. ஒரு மொழியைத் தவறாக மொழிபெயர்த்தால் கதை கெடும் என்னும் நிலை இருந்தால்தான் அம்மொழி அக்கதைக்கு இன்றியமையாதது எனலாம். இனி இந்திய மொழிகளில் கைவரைக் குறும்படம் செய்ய முனைவோர் இவ்வளவுகோலை மனங்கொள்ளுதல் நன்று. மொழிமாற்றம் செய்வோரும் உரையாடல் ஏட்டை மட்டும் கொண்டு பணியைத் தொடங்காமல், ஓவியத்தையும் மூலத்தின் ஒரு பகுதியாகக் கொண்டு படித்தல் வேண்டும்.