பாறையில் இறங்குதல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரை ஒட்டிய ஸ்லிக்ராக் பாதை 1969-இல் மோட்டார் பைக்குகளுக்காகக் குறிக்கப்பட்டது. இன்று அதன் புகழெல்லாம் சைக்கிள்காரர்களால். நவாஹோ மணற்பாறை உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, டயரை விடாது. பாறைமேல் இட்ட வெள்ளை பெயின்ட் கோடுகளே வழிகாட்டி.

சரிவில் உருண்டு இறங்குவதைத்தான் நான் உயர்ந்த வித்தை என்பேன். இருக்கையைத் தாழ்த்தி, குதிகாலை அழுத்தி, முழங்கையை மடக்கி, இரண்டு சக்கரமும் கல்லைப் பிரியாமல் இறங்க வேண்டும். முன்பிரேக்குக்கு ஒரே விரல், அதுவும் இதமாக. சரிவு முடிந்து தரை தொடங்கும் மடிப்பில் அதையும் விட்டுவிட வேண்டும். அங்கே இறுக்கிப் பிடித்தவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

செங்குத்தாக அறுந்த விளிம்பு வேறு கணக்கு. தயங்கினால் முன்சக்கரம் கவிழும். கொஞ்சம் வேகம் வைத்து, சைக்கிளை முன்னே தள்ளி, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து இறக்க வேண்டும். வீடியோவில் கைதட்டு வாங்குவது இதுதான், வாங்கட்டும்.