ஆளில்லாத கடற்கரைதான் அமைதியான கடற்கரையா?

சேலம், நாமக்கல் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கடல் என்பது திட்டம் போட்டுப் போக வேண்டிய விஷயம். ஏற்காடு என்றால் காலையில் நினைத்து மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறணும். அதுவும் அரை நாள் வேலைதான். கடல் அப்படி இல்லை. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போனால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி போனால் 240 கிலோமீட்டர் பக்கம் வரும். முன்கூட்டியே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்பதெல்லாம் நடக்காது. ரெண்டு நாள் லீவு, ஒரு வாடகை வண்டி, வீட்டில் சின்னப் பிள்ளைகள். அதனால் நாம் பட்டியலை நம்புகிறோம்.

எந்தப் பட்டியல் என்று உங்களுக்கே தெரியும். "கூட்டமே இல்லாத கடற்கரைகள்", "யாருக்கும் தெரியாத பீச்" என்ற தலைப்பில் வருஷா வருஷம் கோடை தொடங்கும்போது வருகிற கட்டுரைகளும் வீடியோக்களும்தான். கொஞ்ச நாளாக இவற்றை வரிசையாகப் படித்தும் பார்த்தும் குறிப்பெடுத்து வந்தேன். இவை ஒரு தனி எழுத்து வகையாகவே ஆகிவிட்டன. அதற்கென்று ஒரு சொல்வழக்கு இருக்கிறது, ஒரு கோணத்தில் எடுத்த படம் இருக்கிறது, ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் இங்கே விமர்சிக்க வேண்டியிருக்கிறது. ஆள் இல்லை என்றால் அமைதி, அமைதி என்றால் நல்லது என்பதே அந்த நம்பிக்கை.

மலைக்கு இது ஓரளவு பொருந்தும். ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கம் போகாமல் உள்ளே ஒரு காப்பித் தோட்டத்து வழியில் நடந்தால் நிம்மதிதான். கடலுக்கு அதே கணக்கைப் போட முடியாது. நம் பழைய திணைப் பகுப்பே இரண்டையும் வேறு வேறாகத்தான் வைத்தது. மலையைச் சேர்ந்த குறிஞ்சிக்குக் கூடல் உரிப்பொருள். கடலைச் சேர்ந்த நெய்தலுக்கு இரங்கல். போனவர் திரும்பி வருவாரா என்று கரையில் நின்று பார்க்கிற மனநிலை அது. இலக்கணம் எழுதியவர்கள் சுற்றுலாவுக்காக எழுதவில்லை, சரி. ஆனால் கடற்கரையை ஓய்வெடுக்கும் இடமாகப் பார்ப்பது மிகச் சமீபத்துப் பழக்கம் என்பதையும், அதற்கு முன்னால் இங்கே வேறொரு வாழ்க்கை இருந்தது, இன்னும் இருக்கிறது என்பதையும் அந்தப் பகுப்பு நினைவுபடுத்துகிறது.

பட்டியல்களில் தவறாமல் வரும் ஊர் தனுஷ்கோடி. அங்கே ஏன் ஆளில்லை? 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு போனது. பிறகு மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. பட்டியல் இதை "பேய் நகரம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. அங்கே இன்றும் குடிசை போட்டு மீன்பிடித்து வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பேய்களா? படத்தில் அவர்கள் வராமல் பார்த்துக்கொண்டதால்தான் அந்த ஊர் ஆளில்லாத ஊராகத் தெரிகிறது.

அடுத்து மணப்பாடு. தேரிமணலும் தேவாலயமும் நீலக் கடலும் சேர்ந்து படத்துக்கு ரொம்ப அழகாக இருக்கும் ஊர். "அமைதி தவழும் கிராமம்" என்கிறது பட்டியல். வண்ணநிலவன் 1977-இல் எழுதிய 'கடல்புரத்தில்' நாவலின் களம் இதே மணப்பாட்டுக் கரைதான். லாஞ்சு வைத்திருப்பவர்களுக்கும் வல்லத்தில் போகிறவர்களுக்கும் நடுவே வளரும் பகை, கடலை விட்டுப் போவதா இருப்பதா என்று ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் இழுபறி, இவைதான் அந்த நாவல். அதைப் படித்தவருக்கு அந்தக் கரை ஒருபோதும் சும்மா கிடக்கும் மணலாகத் தெரியாது. சுற்றுலா எழுத்து நாவலாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வரியாவது ஊர்க்காரர்களுக்கு ஒதுக்கலாம் என்கிறேன்.

இன்னொரு விஷயம், நம்மைப் போல ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடவேண்டும் என்பதற்கான ஏற்பாடு. நாட்டுப்படகுகள் கரைக்குப் பக்கத்தில் போய்வரும். பெரிய படகுகள் கரையேறி நிற்கும், பழுது பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள். அந்த நேரத்தில் ஒரு துறைமுக ஊருக்குப் போய் "எவ்வளவு அமைதி!" என்று வீடியோ போடுகிறவர், உண்மையில் பலருக்குக் கூலி இல்லாத இரண்டு மாதத்தைப் படம் பிடிக்கிறார். அதே ஊருக்கு ஜூலையில் விடியற்காலை போனால் ஏலச் சத்தமும் ஐஸ் வண்டியும் மீன் கூடைகளும்தான் இருக்கும். "பட்டியலில் போட்ட மாதிரி இல்லையே, ஒரே மீன் வாடை" என்று திட்டிக் கருத்து எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! கரை என்பது அவர்களுக்குப் படகு நிறுத்துமிடம், வலை காயப்போடும் முற்றம், கருவாடு உலர்த்தும் களம். நம்ம ஊரில் நெல் களத்தில் யாரோ வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டு "தூசியா இருக்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இதுவரை சொன்னது மரியாதை சம்பந்தப்பட்டது. இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

நம்ம பக்கம் நீச்சல் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கிணற்றில் பழகியவர்கள், இல்லாவிட்டால் மேட்டூர், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் காவிரியில் பழகியவர்கள். கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாது. ஆறு இழுக்கும், ஆனால் ஒரே திசையில், கரைக்கு இணையாக இழுக்கும். கடல் வேறு மாதிரி. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அது மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு குறுகிய வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடலுக்குள் திரும்புகிறது. அந்த வாய்க்காலில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை அவ்வளவாக உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பொங்கும். நடுவில் மட்டும் தண்ணீர் சாந்தமாகத் தெரியும். வெளியூர்க்காரர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்குவது சரியாக அந்தச் சாந்தமான இடத்தில்தான்.

அந்த இழுப்பு சில சமயம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக்கில் நீந்துகிறவரே அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. அது ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்தான் பெரும்பாலும் சாவு வருகிறது. மிதந்துகொண்டு, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காமல், காலித் தண்ணீர்க் கேன் மாதிரி மிதக்கிற எதையாவது வீசிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். ஆனால் பாருங்க, கூப்பிட ஆள் வேண்டுமே! "ஒரு ஆள் கூட இல்ல, முழு பீச்சும் நமக்குத்தான்" என்று எந்தக் காரணத்துக்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோமோ, அதே காரணம் அந்த நிமிஷத்தில் நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. நான் பார்த்த பட்டியல்களில் ஒன்றுகூட உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்பதை ஒரு தகவலாகச் சேர்க்கவில்லை. வண்டி நிறுத்த இடம் உண்டா, செல்போன் சிக்னல் உண்டா என்பதெல்லாம் இருந்தது.

கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பது தப்பா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. ஆறு நாள் லாரிப் பட்டறையிலோ கோழிப்பண்ணையிலோ விசைத்தறிச் சத்தத்திலோ இருந்துவிட்டு வருகிறவருக்கு இன்னொரு திருவிழாக் கூட்டம் வேண்டாம் என்பது நியாயமான ஆசை. பட்டியல் எழுதுகிறவர்கள் அந்த ஆசையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கொடுக்கும் பதில் அரைகுறை. யார் இல்லை என்று பார்ப்பதை விட, யார் இருக்கிறார் என்று பார்த்து இடம் தேர்வது நல்லது.

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. ஓய்வுக்காக அல்ல, போராட்டத்துக்காகக் கடற்கரை தேர்ந்தெடுத்த கதை அது. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்தார். அந்த நடைப்பயணத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. போய்ச் சேர்ந்த இடம் வேதாரண்யம். ஏப்ரல் 30 அன்று உப்பு எடுத்தார்கள். நூற்றைம்பது மைல் தள்ளியிருக்கும் அந்த ஊரில் உப்பளம் இருந்தது. அதைவிட முக்கியமாக, அந்தக் கரையையும் மக்களையும் அறிந்த வேதரத்தினம் பிள்ளை இருந்தார். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் தருவோருக்குத் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்த நேரம் அது. சமவெளியிலிருந்து போன இந்தக் கூட்டத்துக்குக் கரையில் ஒரு ஆள் துணை எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு உப்பெடுக்கிற வேலை இல்லை. இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கை வைத்து, சேலம் நாமக்கல்லிலிருந்து ரெண்டு நாளில் போய்வரக்கூடிய நான்கு இடங்களைப் பார்க்கிறேன்.

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியே தீருவார்கள் என்றால் புதுச்சேரிக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை. 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தண்ணீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் பார்த்துத் தருகிற சான்று அது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பதால் போகும்முன் இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் இருப்பார்கள். செவ்வாய், புதன் காலையில் போனால் கூட்டம் தாங்கும்படி இருக்கும்.

குளிப்பதைவிட நடப்பதும் உட்கார்வதும் போதும் என்றால் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். கோட்டை இருக்கிறது, 1306-ஐச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோவிலின் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டதையும் பார்க்கலாம். 2004 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த ஊரும் அதில் அடிபட்டது. இதெல்லாம் தெரிந்து போய் உட்கார்ந்தால் அந்த அமைதிக்கு வேறு கனம் வரும்.

பரங்கிப்பேட்டை பக்கம் சாமியார்பேட்டை, மீனவர் ஊரை ஒட்டிய கரை. ஊர் முகப்பிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள், படகுக்கும் வலைக்கும் வழிவிட்டு உட்காருங்கள். கோடியக்கரை குளிக்கிற இடமே இல்லை; டிசம்பர், ஜனவரியில் பூநாரைகளையும் வெளிமான்களையும் பார்க்கப் போகலாம்.

மாதம் என்று கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழையும் புயலும் ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொல்லாது. பள்ளி லீவு அப்போது இல்லை என்பது உண்மை. பொங்கலை ஒட்டி வரும் நாட்களையோ ஒரு நீண்ட வார இறுதியையோதான் பிடிக்க வேண்டியிருக்கும்.

மேட்டூரிலோ பள்ளிபாளையத்திலோ ஆற்றில் இறங்கும் முன் பரிசல்காரரிடம் "அண்ணா, சுழல் எங்கிருக்கு?" என்று கேட்பது நமக்குப் பழக்கம்தான். கடற்கரையிலும் அதையே செய்யலாம். வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "அண்ணே, இன்னிக்கு நீவாடு எப்படி, பிள்ளைங்க இறங்கலாமா?" என்று கேளுங்கள். நீவாடு என்பது நீரோட்டத்துக்குக் கடலோடிகள் வைத்திருக்கும் சொல். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்குக் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்பதற்கு அப்படி ஒருவர்கூட இல்லாத கரை என்றால், எந்தப் பட்டியலில் முதலிடம் வாங்கியிருந்தாலும் மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.