விவிலியப் பெண்பாற் பெயர்களில் 'ஆள்' ஈறு

பெண் மகவுக்கு விவிலியப் பெயர் இட விழையும் கிறித்தவப் பெற்றோர், அப்பெயரின் பொருள் யாதென வினவுதல் இயல்பு. பெயர்ப் பட்டியல்கள் ஒரு சொல்லில் விடை கூறிவிடும்: சாராள் தலைவி, அன்னாள் அருள், நகோமி இனியவள். இவை பிழையல்ல. ஆயினும் எபிரேயச் சொல்லின் பொருளையே இவை கூறுகின்றன. நம் நாவில் வழங்கும் வடிவம் பற்றி வாளா இருக்கின்றன. சாராள் என்பதன் இறுதி 'ஆள்' எபிரேயத்தில் இல்லை.

1871 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் வேதாகமத்தில் சாராள், லேயாள், ரெபெக்காள், மார்த்தாள், மரியாள் என்றே காண்கிறோம். எபிரேயத்தில் 'ஆ' ஒலி பெண்பாலுணர்த்தும் ஈறுகளுள் ஒன்று. மொழிபெயர்த்தோர் அதன்மேல் தமிழ்ப் பெண்பால் விகுதியை ஏற்றினர். மெய்யீற்றவாகிய ரூத், ராகேல், எஸ்தர் என்பனவும், இகர ஈற்றதாகிய நகோமியும் அதனைப் பெற்றில. தொற்காள், லோவிசாள் போல்வன புறனடை. சாராளின் முற்பெயர் சாராய் என்பது; அதனைத் தம் மகளுக்கு இட்டாரை யாம் கண்டிலேம். காரணம் கூற வேண்டுவதின்று.

தமிழ் வடிவம் பெற்ற பெயர் தமிழ்ப் பொருளையும் ஈர்த்துக் கொள்ளும். அன்னாள் என்பதும் யோவான் என்பதும் 'அருள்' என்னும் ஒரே எபிரேய வேரின. யோவானை அருளப்பர் எனப் பொருள்பட வழங்கினோம். அன்னாளையோ ஒலியளவில் கொண்டோம். விளைவு, அப்பெயரில் தமிழ்ச் செவி அருளைக் கேளாது அன்னையைக் கேட்கிறது. மரியாள் என்பதன் மூலமாகிய மிரியாம் என்னும் பெயர்க்கோ, கசப்பு என்றும் அன்புக்குரியவள் என்றும் அறிஞர் பலவாறு பொருள் உரைப்பர், ஒன்றும் துணியப்பட்டிலது. அதனால் அப்பெயரின் வழக்கு குன்றவில்லை.

ரூத்தின் நூலில் இவ்வாராய்ச்சி கூர்மை பெறுகிறது. கணவனையும் மைந்தர் இருவரையும் இழந்து பெத்லகேம் மீளும் நகோமி, தன் பெயரின் இனிமை தனக்குப் பொருந்தாதென மறுத்து, 'மாராள்' எனத் தன்னை அழைக்க வேண்டுகிறாள். மாரா என்பது கசப்பு. யாத்திராகமத்தில் கசந்த நீருடைய இடத்திற்கும் அதுவே பெயர். ஆங்கே தமிழ் 'மாரா' என்கிறது. ஈங்கே 'மாராள்' என்கிறது. எபிரேயம் ஒலியளவில் வேறுபடுத்தாத இடத்தையும் பெண்ணையும் ஓர் ஈற்றால் தமிழ் வேறுபடுத்திற்று. அதனினும் வியப்பு, நகோமி என்ற பெயரில் இல்லாத 'ஆள்', துயரத்தில் அவள் தேர்ந்த பெயரில் வந்தமைவது. மொழிபெயர்த்தோர் இதனைக் கருதிச் செய்தாரல்லர். ஈற்றொலி நோக்கிச் செய்தனர். எனினும் கற்பார்க்கு அப்பயன் கிட்டுகிறது.

1995 ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் சாரா, மரியா, மார்த்தா என ஆள் ஈற்றை நீக்கிற்று. மூலவொலிக்கு இது அணித்து என்பது மெய். ஒருமை விகுதி மதிப்புக் குறைக்கும் எனக் கருதின், ஆண்டாள் என்னும் திருப்பெயர் அதனை மறுக்கும். இன்று மகளுக்குச் சாரா எனப் பெயரிடுவார் பிழை செய்தாரல்லர். ஆனால் சாராள் என்பதனைப் பழைமைப்பட்ட திரிபென ஒதுக்குவாராயின், அவ்வொதுக்கத்தை யாம் ஏலோம். அவ்வீறு அயற்பெயர்க்குத் தமிழ் இலக்கணம் வகுத்த இருக்கை. நகோமி வேண்டிய பெயரை நூலாசிரியர் ஓரிடத்தும் அவளுக்கு இட்டிலர். இறுதிவரை நகோமி என்றே கூறிச் செல்கிறார்.