எந்த ஊர் உப்பு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தில் காரை நிறுத்தி, வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களை போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவரிடம், 'இது கடையில என்ன பேர்ல கிடைக்கும்?' என்று கேட்டேன்.

'மூட்டை கட்டி லாரில ஏத்திட்டா, எந்த ஊரு உப்புன்னு யாருக்கு சார் தெரியும்?'

கூட வந்த நண்பர், புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். 1999-ல் இயற்றி, 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம். பதிவகம் நம்ம கிண்டியில்தான். டார்ஜிலிங் டீ, காஞ்சிபுரம் பட்டு, 2019-ல் பழனி பஞ்சாமிர்தம் எல்லாம் முத்திரை வாங்கியிருக்கின்றன. வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரை ஒட்டி விற்கக் கூடாது. நல்ல விஷயம். ஆனால், பெயரைத் திருட ஆள் இருக்கிற பொருளுக்குத்தானே காவல் வேண்டும்? 'மரக்காணம் உப்பு ஒரு கிலோ கொடுங்க' என்று மாம்பலத்தில் யார் கேட்கிறார்கள்?

பழம்பெருமைக்குக் குறைவில்லை. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இன்று மொத்த வியாபாரி வாங்கிப் போவதோடு ஊர் பெயர் தொலைந்துவிடுகிறது. 2006 மே முதல் அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது. கழுத்துக் கழலைக்குப் பயந்து போட்ட தடை. குறை சொல்ல மாட்டேன். ஆனால், அயோடின் சேர்த்து பாக்கெட் போடுகிறவர் பெயர்தான் மேலே. எங்கள் வீட்டு பாக்கெட்டில் கம்பெனி விலாசம், எடை, அயோடின் அளவு எல்லாம் இருக்கின்றன. உப்பு விளைந்த ஊர் இல்லை.

எனக்கு உறுத்துவது சட்டத்தில் 'உற்பத்தியாளர்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம். அதில் அந்தப் பொருளை வியாபாரம் செய்பவரும் அடக்கம்! முத்திரையைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொள்ள வியாபாரிக்கு வழி இருக்கிறது. வெயிலில் கூலிக்கு உப்பு வாருகிறவர் எந்த வகையில் சேர்த்தி? ஐப்பசி மழை வந்தால் அவருக்கு அந்தக் கூலியும் கிடையாது.

பிரான்சில் கெராந்த் என்ற ஊரின் உப்பு 2012-ல் ஐரோப்பிய யூனியனின் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றது. நண்பர் அதைத்தான் உதாரணம் காட்டினார். அங்கே உப்பளக்காரர்கள் 1988-லேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தாங்களே பாக்கெட் போட்டு, ஊர் பெயரைப் பெரிதாக அச்சடித்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். முத்திரை 24 வருஷம் கழித்து வந்தது.